மரச்சீனியும் வாழையும் வைரஸை எதிர்ப்பது எப்படி?

குலசேகரம் பக்கம் மரச்சீனியும் ஏத்தன் வாழையும் போட்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஒரே விளையில பக்கத்துப் பக்கத்துல நிக்குத ரெண்டு மூடு மரச்சீனி. ஒண்ணுல இலை எல்லாம் மஞ்சளா சுருண்டு போச்சு, மத்ததுக்கு ஒண்ணும் ஆகல. செடிக்குள்ள ஏதோ புரதம் இருந்து வைரஸை எதிர்க்குதுன்னு படிச்சேன். உள்ளதா? உள்ளதுன்னா அந்தப் புரதத்தை வாங்கி மருந்தா அடிச்சா என்ன? வாழைக்கும் அது ஆகுமா?"

உள்ளதுதான் தம்பி. வைரஸை எதிர்க்கும் புரதங்கள் செடிக்குள் இருக்கின்றன, அதுவும் பல வகையாக. ஆனால் வாங்கி அடிப்பதில் பெரிய பயன் இல்லை. அவை வேலை செய்கிற இடம் செல்லுக்கு உள்ளே. அங்கே எந்தப் புரதம் இருக்கும், எது இருக்காது என்பது நீங்கள் கம்பு வெட்டி நடுகிற அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் உங்கள் இரண்டு மூடுகளைப் பார்த்துவிடுவோம். நோய் வந்த மூட்டின் அடி இலைகள் இன்னும் உதிராமல் இருந்தால் அவற்றைக் கவனியுங்கள். முளைத்து வந்த முதல் இலைகளிலேயே வெளிர் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழுந்து, இலை ஒரு பக்கமாகக் கோணியிருந்தால் வைரஸ் கம்போடு வந்திருக்கிறது. அடி இலைகள் சுத்தமாக இருந்து, பிறகு வந்த மேல் இலைகளில் மட்டும் தேமல் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்தது. நட்ட முதல் இரண்டு மாதத்துக்குள் பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தப்பிய மூடும் அதே இரகம் என்றால், அதற்குத் தனியாக ஓர் எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்று உடனே நினைக்க வேண்டாம். அதன் கம்பு நோயில்லாத தாய்ச்செடியிலிருந்து வந்திருக்கும். பெரும்பாலும் காரணம் அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் புரதத்துக்குப் போனால் உங்களைத் தவறான வழியில் விட்டவன் ஆவேன்.

இனி புரதம். வைரஸ் என்பது புரத உறைக்குள் இருக்கும் ஒரு துண்டு டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. புகையிலைத் தேமல் வைரஸை 1935இல் வெண்டெல் ஸ்டான்லி பளிங்காகப் படியவைத்துக் காட்டியபோது உலகமே வியந்தது. உயிருள்ள ஒன்றை உப்பைப் போல எப்படிப் படியவைக்க முடியும் என்று. வைரஸுக்குச் சொந்தமாகப் புரதம் செய்யும் கருவியான ரைபோசோம் கிடையாது, சக்தி உண்டாக்கும் ஏற்பாடு கிடையாது. நகல் எடுப்பதும் புரதம் செய்வதும் செடியின் செல்லில் இருக்கும் கருவிகளைக் கொண்டுதான். அதனால்தான் பூஞ்சைக்கு மருந்து இருப்பதுபோல வைரஸுக்கு இல்லை. வைரஸின் வேலையைத் தடுக்கும் நஞ்சு செடியின் வேலையையும் தடுத்துவிடும். தேமல் கண்ட மரச்சீனிக்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். காசு வீண் போகிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

செடிக்கு இரத்தம் இல்லை. நமக்கு இருப்பதுபோல ஓடித் திரிந்து கிருமியைப் பிடிக்கும் வெள்ளை அணுக்கள் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொண்டாக வேண்டும். அதற்கு அது கைக்கொள்ளும் வழிகளில் பழமையானதும் பரவலானதும் ஆர்.என்.ஏ.வை வெட்டும் வழி.

பெரும்பாலான வைரஸ்கள் நகல் எடுக்கும்போது ஏதோ ஒரு கட்டத்தில் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும். நீளமான இரட்டை இழை செடிக்குச் சந்தேகத்துக்குரிய பொருள். டைசர் என்ற புரதக் குடும்பம் அதைக் கண்டவுடன் 21, 22 எழுத்து (ஆர்.என்.ஏ. இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் அலகு) நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளில் ஒன்றை ஆர்கனாட் என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. தன் கையில் இருக்கும் துண்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிற ஆர்.என்.ஏ. எதிர்ப்பட்டால் அதைத் துண்டாக்கிவிடும். அதாவது வைரஸின் சொந்த எழுத்தே அதற்கு எதிரான அடையாளமாகிறது. மூன்றாவதாக ஒரு புரதம், வெட்டுப்பட்ட ஆர்.என்.ஏ.யிலிருந்து மேலும் இரட்டை இழை செய்துகொடுத்து துண்டுகளைப் பெருக்குகிறது. இந்தச் சிறு துண்டுகள் செல்லுக்குச் செல் உள்ள நுண்துளைகள் வழியாகவும், சத்து ஓடும் குழாய்கள் வழியாகவும் மேல் நோக்கிப் போகின்றன. வைரஸ் போய்ச் சேருமுன் குருத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தால் குருத்து தப்பிக்கும்.

இது தெரியாத காலத்திலேயே இதன் விளைவை ஒருவர் எழுதிவைத்திருந்தார். 1928இல் அமெரிக்காவில் விங்கார்ட் என்ற ஆய்வாளர், வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலையில் கீழ் இலைகள் கருகினாலும் பிறகு வந்த மேல் இலைகள் சுத்தமாக வந்ததையும், அந்த இலைகளில் அதே வைரஸை மறுபடி தேய்த்தாலும் நோய் வராததையும் பதிவு செய்தார். அந்தச் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செடியில் ஹாமில்டனும் பால்கோமும் கண்டது 1999இல். இடையில் எழுபது வருஷம். நம் மரச்சீனியிலும் சில சமயம் இது நடக்கும். தொடக்கத்தில் தேமல் கண்ட மூடு, பிறகு நல்ல இலையாக விடும். "தானா சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அந்த மூட்டிலிருந்தே அடுத்த வருஷத்துக்குக் கம்பு எடுப்பார்கள். வைரஸ் அடங்கித்தான் இருக்கிறது, போய்விடவில்லை. புது நடவில் மறுபடி தலைகாட்டலாம்.

இந்த வழிக்கு வெயில் நல்லது என்பது நமக்கு ஒரு நல்ல செய்தி. குளிரில் ஆர்.என்.ஏ. வெட்டும் வேலை மந்தமாகும், வெப்பத்தில் சுறுசுறுப்பாகும். மரச்சீனியிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 25 பாகை செல்சியஸிலிருந்து 30 பாகைக்குப் போனபோது சிறு துண்டுகள் கூடின, நோய்க்குறி குறைந்தது.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. தாவர வைரஸ்களில் மிகப் பலவற்றிடம் இந்த வெட்டும் ஏற்பாட்டை முடக்குவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸின் பி19 என்ற புரதம், இரண்டு இரண்டாகச் சேர்ந்து, 21 எழுத்துத் துண்டின் நீளத்தை இரு முனையிலும் அளந்து பிடித்து அமுக்கிக்கொள்ளும். ஆர்கனாட்டுக்குத் துண்டு கிடைக்காது. வெள்ளரித் தேமல் வைரஸ் தன் 2பி புரதத்தால் ஆர்கனாட்டையே தடுக்கிறது. ஒரே மூட்டில் இரண்டு வைரஸ் சேர்ந்தால் நோய் ஒன்றுக்கு இரண்டாக இல்லாமல் பல மடங்காவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. 1990களில் உகாண்டாவில் மரச்சீனியை அழித்து மக்களைப் பட்டினியில் தள்ளிய தேமல் அப்படிப்பட்டது. இரண்டு வைரஸ்களும் எதிர்ப்பின் வெவ்வேறு படிகளை முடக்கின. செடிக்கு எந்தப் பக்கமும் வழி இல்லாமல் போயிற்று. நம் ஊரிலும் மரச்சீனியில் இந்திய வைரஸ், இலங்கை வைரஸ் என்று இரண்டு உண்டு. எங்கிருந்தோ வந்த கம்பை விசாரிக்காமல் நடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடுத்த வழி, வைரஸின் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு எச்சரிக்கும் காவல் புரதங்கள். இதில் பேர்பெற்றது காட்டுப் புகையிலை ஒன்றில் இருக்கும் 'என்' மரபணு. ஹோம்ஸ் என்பவர் 1930களில் இதைச் சாகுபடிப் புகையிலைக்குக் கொண்டுவந்தார். மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தது 1994இல். வைரஸ் நகல் எடுக்கப் பயன்படுத்தும் புரதத்தின் ஒரு பகுதியை 'என்' புரதம் கண்டுகொண்டதும், தாக்கப்பட்ட செல்லும் அதைச் சுற்றியுள்ள செல்களும் தாமே செத்துவிடுகின்றன. காட்டுத்தீ வரும்போது ரப்பர் தோட்டத்தின் எல்லையில் சருகை வழித்து வெறும் மண்ணாக்கிவிடுவது போல. உயிருள்ள செல் இல்லாத இடத்தை வைரஸ் தாண்ட முடியாது. இலையில் கடுகளவு காய்ந்த புள்ளிகள் விழும், அதோடு நோய் நிற்கும். உருளைக்கிழங்கின் ஆர்எக்ஸ், தக்காளியின் டி.எம்.2 வகை, எஸ்டபிள்யூ5 எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விதைக் கம்பெனிகள் தக்காளி விதைப் பையில் "வைரஸ் எதிர்ப்பு" என்று போடுவதில் பெரும்பகுதி இவற்றை நம்பித்தான்.

இந்த வழியில் இரண்டு குறை உண்டு. 'என்' புரதம் 28 பாகைக்கு மேல் வேலை செய்வதில்லை. வெயிலில் வைரஸ் செடி முழுக்கப் பரவிவிடும். பிறகு குளிர்ந்தால் காவல் புரதம் விழித்துக்கொண்டு, வைரஸ் போன இடமெல்லாம் செல்களைச் சாகடிக்க, செடியே கருகி விழும். நம் மாவட்டத்தில் பகல் வெப்பம் வருஷத்தில் எவ்வளவு காலம் 28க்குக் கீழே இருக்கிறது? பேச்சிப்பாறை மலையோரத்தில் கொஞ்ச நாள் இருக்கலாம், கடற்கரைப் பக்கம் இல்லை. குளிர்நாட்டில் நின்று பிடித்த எதிர்ப்பு இங்கேயும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, வைரஸ் தன் அடையாளத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் காவல் புரதத்துக்குத் தெரியாமல் போய்விடும். தக்காளியில் பல பத்தாண்டு நின்ற டி.எம்.2 வகை எதிர்ப்பை, 2014, 2015 வாக்கில் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் தென்பட்ட பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் உடைத்துவிட்டது.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது, உங்கள் மரச்சீனிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டதும் அதுவே. இங்கே செடியைக் காப்பது புதிதாக வந்த புரதம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு புரதம் சற்று மாறியிருப்பதால் வைரஸ் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. மிளகாயிலும் பட்டாணியிலும் கீரை வகையான லெட்டூஸிலும் வரும் ஒரு பெரிய வைரஸ் குடும்பம், புரதம் செய்யத் தொடங்க உதவும் 4இ என்ற செடியின் துவக்கக் காரணியைப் பிடித்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கிறது. அந்தக் காரணியில் ஓரிரு அமினோ அமிலம் (புரதம் என்ற மாலையில் கோத்திருக்கும் மணி) மாறிய செடிகளை வைரஸால் பிடிக்க முடியவில்லை. செடியின் வளர்ச்சிக்குப் பெரிய குறையும் வரவில்லை, ஏனென்றால் அதே வேலையைச் செய்யும் இன்னொரு புரதம் செடியில் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்காரர்களுக்குத் தெரிந்த நெல் துங்ரோ நோயிலும் இதே கதை. பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவரும் இரண்டு வைரஸ்கள் சேர்ந்து செய்யும் நோய் அது. அவற்றில் ஒன்றை எதிர்க்கும் இந்தோனேசிய நெல் இரகங்களில் 4ஜி என்ற துவக்கக் காரணியில் சிறு மாற்றம் இருப்பதை 2010இல் கண்டார்கள். பிறகு ஐ.ஆர். 64 நெல்லில் அதே இடத்தை மரபணுத் திருத்தத்தால் மாற்றியும் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்தது.

மரச்சீனிக்கு வருகிறேன். நைஜீரியாவின் நாட்டு இரகங்களில் தேமலை உறுதியாக எதிர்க்கும் ஒரு குணம் இருப்பது பல வருஷமாகத் தெரியும், அதற்கு சி.எம்.டி.2 என்று பெயர். உலகமெங்கும் எதிர்ப்பு இரகம் உருவாக்கியவர்கள் அதை நம்பிக் கலப்பு செய்தார்கள், ஆனால் எந்தப் புரதத்தால் அது நடக்கிறது என்று தெரியாமலேயே. 2022இல்தான் விடை வந்தது. அது டி.என்.ஏ. பாலிமரேஸ் டெல்டா, அதாவது செல் பிரியும்போது தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்கச் செடி வைத்திருக்கும் புரதம். மரச்சீனித் தேமல் வைரஸ் டி.என்.ஏ. வைரஸ், ஆனால் நகல் எடுக்கச் சொந்தமாகப் பாலிமரேஸ் அதனிடம் இல்லை. செடியுடையதைத்தான் எடுத்தாள வேண்டும். அந்தப் பாலிமரேஸில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தாலே மரச்சீனி நோயை எதிர்த்து நிற்கிறது, செடி தன் வேலையை வழக்கம்போலச் செய்துகொள்கிறது. நினைக்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கும். ஆயிரம் அமினோ அமிலத்துக்கு மேல் உள்ள புரதத்தில் ஒன்று மாறியது. அதனால் ஆப்பிரிக்காவில் எத்தனையோ வீடுகளில் சோற்றுக்குப் பஞ்சம் இல்லாமல் போயிற்று.

நமக்கு அருகில் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நைஜீரியாவிலிருந்து வந்த கம்பிலிருந்து 'ஸ்ரீ பத்மநாபா' என்ற எதிர்ப்பு இரகத்தைக் கொடுத்தது. பிறகு 'ஸ்ரீ ரக்ஷா', 'ஸ்ரீ சக்தி' வந்தன. நம் வீடுகளில் அவித்துத் தின்ன ஒவ்வொருவருக்கும் ஒரு பிடித்த மரச்சீனி உண்டு. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்ப்பு இரகத்தை விளையின் ஒரு பக்கத்தில் போட்டு, மாவும் ருசியும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று நீங்களே பாருங்கள். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் காலத்தில், 1880களில், பஞ்சம் தீர்க்கப் பரப்பிய பயிர் இது. அன்றிலிருந்து கம்பு வெட்டி கம்பு வெட்டித்தான் நடுகிறோம். விதை வழியாக இந்த வைரஸ் சுலபமாகப் போவதில்லை. கம்பு வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் போகிறது.

இனி "வாங்கி அடித்தால் என்ன" என்ற கேள்வி. மேலே சொன்ன டைசர், ஆர்கனாட், காவல் புரதம், பாலிமரேஸ் எதுவும் வெளியிலிருந்து தெளித்தால் செல்லுக்குள் போகாது. இலையின் மேல் மெழுகுப் படலம், அதற்குக் கீழ் செல்சுவர், அதற்கும் உள்ளே சவ்வு. புரதம் பெரிய மூலக்கூறு. வெயிலிலும் நுண்ணுயிர்களாலும் சிதைந்தும் போகும். ஆனால் ஒரு வகைப் புரதம் மட்டும் தெளித்தாலும் கொஞ்சம் பலன் தருகிறது. ரைபோசோமை முடக்கும் புரதங்கள் என்று பெயர். அமெரிக்காவின் போக்வீட் செடிச் சாறு புகையிலைத் தேமலைத் தடுப்பதை 1925லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் அந்தி மந்தாரை, மூக்கிரட்டை வேர், காகிதப்பூ இலை ஆகியவற்றிலும் இத்தகைய தடுப்புப் புரதங்கள் உண்டு. போக்வீட்டில் அது செல்சுவரில் தங்கியிருக்கிறது. பூச்சி குத்திச் செல் உடையும்போது வைரஸோடு சேர்ந்து உள்ளே போய், அந்தச் செல்லின் ரைபோசோமையே நிறுத்திவிடும் என்று கருதுகிறார்கள். புரதம் செய்ய ரைபோசோம் இல்லாத செல்லில் வைரஸ் என்ன செய்யும்? இலையில் தெளிக்கும்போது செடியின் பொதுவான எதிர்ப்பையும் இவை தூண்டிவிடுகின்றன. ஆனால் வைரஸ் வருமுன் அடித்தால்தான் பலன், வந்த பின் இல்லை. ஆமணக்கு விதையிலும் குன்றிமணியிலும் இருக்கும் கொடிய நஞ்சு இதே குடும்பம். அவற்றை நசுக்கித் தெளிக்கலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

தென்னை நிறைய உள்ள நம் ஊருக்கு ஒத்த ஒரு சிபாரிசு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினுடையது. காய்ந்த தென்னை ஓலையையோ சோள இலையையோ பொடியாக்கி, ஒரு கிலோ பொடிக்கு 2 லிட்டர் தண்ணீர் விட்டு 60 பாகையில் ஒரு மணி நேரம் சூடாக்கி, துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்கித் தெளிப்பது. விதைத்த 10ஆம் நாளும் 20ஆம் நாளும். அது நிலக்கடலை மொட்டுக்கருகல் வைரஸுக்குச் சொன்னது. மரச்சீனிக்கும் வாழைக்கும் சொன்னதல்ல. அதை வாழைக்கு அடித்துவிட்டு வருத்தப்படாதீர்கள்.

ஆராய்ச்சியில் நம்பிக்கை தருவது வேறு ஒன்று. எதிர்க்கும் புரதத்தைத் தெளிக்காமல், டைசருக்கு வெட்டக் கொடுக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தெளிப்பது. 2017இல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து குழுவினர் அதை நுண்ணிய களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்தபோது ஒரு முறை அடித்தது 20 நாள் வரை காத்தது. கடைக்கு வர இன்னும் காலம் ஆகும்.

நம் சக்கைக் கொட்டையிலிருந்து முதலில் பிரித்த ஜாக்கலின் என்ற புரதத்தின் உறவுக்காரப் புரதங்கள் சில செடிகளில் வைரஸ் பரவுவதைத் தடுப்பதும் தெரிய வந்திருக்கிறது. சக்கைக்குள் அது அந்த வேலையைத்தான் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் நம் முற்றத்து மரத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் குடும்பம் என்பதால் சொன்னேன்.

கடைசியாக வாழை. இங்கே உங்களுக்கு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. முடிக்கொத்து நோய் வைரஸை முழுசாக எதிர்க்கும் சாகுபடி வாழை இதுவரை அமையவில்லை. ஏத்தனும் மட்டியும் செவ்வாழையும் பாதிக்கப்படும். திசு வளர்ப்புக் கன்று எதிர்ப்பு உடையது என்று சிலர் சொல்லி விற்பார்கள். அது வைரஸ் இல்லாமல் வரும் கன்று, அவ்வளவே. வைரஸைக் கொண்டுவரும் அசுவினி விளையில் கடித்தால் அதற்கும் வரும். அதனால் வாழையில் புரதத்தை நம்பாமல் கண்ணை நம்புங்கள். இலைத்தண்டிலும் நடுநரம்பின் அடியிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக விட்டு விட்டு வரும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்பு ஓரத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு வரும் இலைகள் குறுகி, நிமிர்ந்து, தலையில் கொத்தாக நிற்கும். அந்த நிலைக்கு விடாமல் கோடு தெரிந்ததுமே எடுத்துவிட வேண்டும். உடனே பிடுங்கினால் அசுவினி பக்கத்து மூட்டுக்கு ஏறிவிடும். முதலில் பூச்சிமருந்து அடித்து அசுவினியைக் கொன்றுவிட்டு, கிழங்கோடும் பக்கக் கன்றோடும் தோண்டித் துண்டு துண்டாக்குங்கள். அந்த மூட்டுக் கன்றை யாருக்கும் கொடுக்காதீர்கள், உறவினர் கேட்டாலும்.

மரச்சீனிக்குச் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். நட்ட இரண்டு மூன்று மாதத்தில் விளை முழுக்க ஒரு நடை நடந்து, தேமல் இல்லாத மூடுகளில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அறுவடை நேரத்தில் இலை உதிர்ந்து எல்லாக் கம்பும் ஒரே மாதிரி தெரியும், அப்போது பார்த்துப் பயன் இல்லை. இடையில் அடையாளம் வைத்த மூட்டில் தேமல் வந்தால் துணியை அவிழ்த்துவிடுங்கள். கடைசியில் துணி இருக்கும் மூட்டில் மட்டும் அடுத்த நடவுக்குக் கம்பு வெட்டுங்கள்.